தூக்கிவிட ஆளில்லாதவர்

(தவக்காலத்தின் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் வானொலியில் ஒலித்த மறையுரை. நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



இன்று திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி யோவான் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் ஆட்டு வாயில் அருகே பெத்சதா என்ற குளம். சுற்றிலும் ஐந்து மண்டபங்கள். மண்டபம் நிறைய நோயாளிகள். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவர் நலமடைவார் என்பது அங்கே கிடந்தவர்களின் நம்பிக்கை. அவர்களில் ஒருவர் 38 ஆண்டுகளாக உடல்நலமற்றவர். அவரிடம் இயேசு, நலம்பெற விரும்புகிறீரா என்று கேட்கிறார். அந்த மனிதர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைத் தூக்கிக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறார். நான் போய்ச் சேருவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்கிறார்.

ஆண்டவர் அவரைக் குளத்தில் இறக்கவில்லையே, தம் சொல்லாலேயே எழுப்பிவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆண்டவர் வருவதற்கு முந்தைய அத்தனை ஆண்டுகளில் அந்த ஐந்து மண்டபங்களுக்கும் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்? திருவிழாவுக்கு வந்தவர்கள், பலி செலுத்த ஆடு ஓட்டி வந்தவர்கள், காணிக்கையோடு வந்தவர்கள். கைகொடுக்க ஒருவரும் இல்லை. அந்த மனிதரின் பதில் வெறும் புலம்பல் அல்ல. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்மேல் அவர் வைக்கும் குற்றச்சாட்டு. இந்த ஆண்டு அந்தக் குற்றச்சாட்டு எங்கள் பங்கின்மேல் வந்து விழுந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் பங்கிலும் இருக்கும். திருநீற்றுப் புதன் வந்தால் ஆண்கள் சிலர் குடியை நிறுத்திவிடுவார்கள். நாற்பது நாளும் தொடமாட்டார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட நண்பர்களும் கார்த்திகையில் இப்படித்தான் நிறுத்துகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்களும் நிறுத்துகிறார்கள். பிறகு உயிர்ப்புப் பெருவிழாவின் இரவுத் திருப்பலி முடிகிறது. பாஸ்கா திரி அணைவதற்குள் சிலர் வீட்டுப் பின்புறம் கூடிவிடுகிறார்கள். இத்தனை நாள் அடக்கியதற்கும் சேர்த்துக் குடித்துவிடுகிறார்கள். நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பிரசங்கத்தில் கேலியும் செய்திருக்கிறோம். நாற்பது நாள் முடிகிறதென்றால் நாலாயிரம் நாள் ஏன் முடியாது, மனம் இருந்தால் போதும் என்று பலிபீடத்தின் முன்னால் நின்று பேசியிருக்கிறோம்.

அப்படிப் பேசியது தவறு. குடிநோய் உள்ளவர்களில் பலருக்கு நிறுத்துவது முடியாத காரியம் அல்ல. அவர்கள் பத்து முறை, இருபது முறை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்திய பிறகு நிறுத்தியபடியே வாழ்வதுதான் அவர்களுக்குக் கைகூடாத காரியம். நாற்பது நாளுக்கு ஒரு கரை தெரிகிறது, அதனால் நீந்திவிடுகிறார்கள். கரையே தெரியாத தண்ணீரில் தனியாக எவ்வளவு தூரம் நீந்த முடியும்?

எங்கள் பங்கைச் சேர்ந்தவர் ஒருவர். பெயர் வேண்டாம். விருந்துச் சமையல்காரர். செட்டிநாட்டுத் திருமணங்களில் முந்நூறு இலை, ஐந்நூறு இலைக்கு அண்டாவில் கை வைக்கிறவர். ஒவ்வொரு தவக்காலமும் எங்களிடம் வந்து பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார். நாங்களும் தலையில் கைவைத்து ஆசீர் கொடுப்போம். இப்படி ஐந்து முறை. போன ஆண்டு அவருடைய மனைவி தனியாக எங்களைப் பார்க்க வந்தார். "சாமி, இந்தத் தடவ அவருகிட்ட சத்தியம் வாங்காதீங்க" என்றார். ஏனம்மா என்று கேட்டோம்.

"சத்தியத்த மீறுனப்புறம் கோயில் வாசப்படி மிதிக்க வெக்கப்படுறாரு சாமி. சாமி மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு ஒளியிறாரு. அப்புறம் அந்த வெக்கத்துக்கும் சேத்துக் குடிக்கிறாரு. அவருக்குன்னு இருந்தது இந்த ஒரு கதவுதான். அதையும் நீங்களும் அவருமாச் சேந்து அடச்சுப்புட்டீங்க."

பள்ளிப்படிப்பை முடிக்காத அந்தப் பெண்மணி அன்று எங்களுக்குச் சொன்னது எங்கள் குருமடத்தில் யாரும் சொல்லித் தராத பாடம். சத்தியம் செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. வாங்குகிறவர் மேலே நிற்கிறார். செய்கிறவர் கீழே நிற்கிறார். மீறினால் இன்னும் கீழே போகிறார். மேலே நிற்பவரிடம் மறுபடி வர அவருக்கு வழி தெரியாது.

சத்தியத்தால் மீண்டவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட்டை நம் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது. சிறுவயதிலேயே குடிக்கத் தொடங்கியவர் அவர். 1884-இல் தமது 28-ஆம் வயதில் குரு ஒருவரிடம் போய்க் குடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். முதலில் மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு ஆறு மாதம், பிறகுதான் வாழ்நாள் முழுவதும். 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை அந்த வாக்கைக் காத்தார். அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லியே நாங்கள் எங்கள் சமையல்காரரைப் போன்றவர்களைத் திட்டியிருக்கிறோம் என்பது வேறு கதை.

சத்தியத்துக்குப் பதில் என்ன செய்வது என்று நாங்கள் தேடியபோது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயர் வந்தது. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். தங்கள் முழுப் பெயரை வெளியில் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு. காதில் விழுந்த பெயர்தான். ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று நாங்கள் அறிந்ததில்லை.

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாக நியூயார்க்கிலிருந்து வந்து, காரியம் தோற்று, மேஃப்ளவர் என்ற ஓட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் அவ்வூர் ஆலயங்களின் பட்டியல். கால் எந்தப் பக்கம் போகும் என்பது அவருக்கே நிச்சயமில்லை. அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு போதகரின் எண்ணைச் சுழற்றினார். அவர் கேட்டது ஜெபமோ ஆசீரோ அல்ல. இந்த ஊரில் என்னைப் போல வேறொரு குடிகாரர் இருந்தால் நான் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார்.

ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுக் கேட்டு, மறுநாள் மாலை அவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். அந்த மருத்துவருக்கும் தீராத குடி. பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர் ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் அந்த மருத்துவருக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். தம்முடைய நோயைத் தாமே அனுபவித்த ஒருவர் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள். அதையே இந்த இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் நம் அருட்சகோதரி ஒருவருக்கும் பங்கு உண்டு. அதே அக்ரனில் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சகோதரி இக்னேசியா. அந்தக் காலத்தில் குடிகாரர்களை மருத்துவமனையில் படுக்கவைக்க நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ளாது. 1939-இல் டாக்டர் பாப் கொண்டுவந்த ஒரு குடிநோயாளியை அவர் வயிற்று அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். பிறகு ஆயிரக்கணக்கானோர் அவர் கையால் மீண்டார்கள். குணமாகி வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திரு இருதயப் படம் உள்ள சிறு அடையாளத்தைக் கொடுப்பார். மறுபடி குடிக்கவேண்டும் என்று தோன்றினால், குடிப்பதற்கு முன்னால் இதை என்னிடம் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடியுங்கள் என்பார். எங்கள் சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எங்கள் சத்தியம் மீறினால் வராதே என்று சொல்லாமல் சொன்னது. அந்தச் சகோதரியின் அடையாளம் மீறுவதற்கு முன்னால் என்னிடம் வா என்றது.

நம் நாட்டில் 1957-இல் டெல்லியில் இந்தக் கூட்டம் தொடங்கியது. இன்று தமிழிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. வந்தவர்கள் தங்களால் முடிந்ததை உண்டியலில் போட்டு டீச்செலவையும் இடச்செலவையும் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை விட வேண்டும் என்ற விருப்பம். பெத்சதாவில் ஆண்டவர் கேட்டதும் அந்த ஒன்றைத்தான்.

ஆனால் கூட்டம் இருக்கிறது என்று தெரிவது வேறு, அதைக் கண்டுபிடித்துப் போய்ச் சேருவது வேறு. எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இளையாத்தங்குடிக் கைலாசநாதர் கோயில். பர்மாவுக்குப் போனாலும் மலேயாவுக்குப் போனாலும் நகரத்தார் இருவர் சந்தித்தால் எந்தக் கோயில், எந்த ஊர் என்றுதான் பேச்சு தொடங்கும். அதைச் சொல்லிவிட்டால் உறவுமுறை தெரிந்துவிடும். இது அவர்களுடைய பெருமை, அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காற்று ஊர் முழுவதும் வீசுகிறது. இங்கே நம் குடும்பங்கள் கொஞ்சம்தான் என்றாலும், யாருடைய மகன், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரியாத ஆள் ஒருவரும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில், பெயர் சொல்லாமல் வாருங்கள் என்றால் யார் வருவார்கள்? ஒருவர் வழக்கமில்லாத நேரத்தில் பஸ் ஏறினாலே, எங்க கெளம்பிட்டீக என்று நாலு பேர் கேட்பார்கள்.

நாங்கள் மூன்று பேர், பங்குத்தந்தையும் உபதேசியாரும் அன்பியப் பொறுப்பாளரும், எண்களைத் தேடினோம். கிடைத்த இரண்டு எண்களில் ஒன்று உபயோகத்தில் இல்லை, இன்னொன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரசு மருத்துவர் ஒருவர்தான் மூன்றாவது எண்ணைத் தந்தார். பேசினோம். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரை அழைத்து வருகிறோம் என்றோம். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார். "சாமி, நீங்க வரவேணாம். அவரையே பேசச் சொல்லுங்க. அவரா வரட்டும்."

எங்களுக்குக் கோபம் வந்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து வருகிற மேய்ப்பன் என்ற நினைப்பு. பிறகுதான் புரிந்தது, அவர் எங்களை ஒதுக்கவில்லை என்பது. பங்குச் சாமியார் அழைத்துவந்த ஆள் என்ற பட்டத்தோடு அவர் அந்த அறைக்குள் நுழையக்கூடாது என்று நினைத்திருக்கிறார். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை நாம் எப்படிக் காக்கிறோமோ, அப்படி அவர்களும் ஒன்றைக் காக்கிறார்கள்.

அவரே பேசினார். அவரே போனார். முதல் முறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்திருந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். இரண்டாம் முறை கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாசல்வரை போய்த் திரும்பினார். இரண்டு முறையும் திரும்பும்போது குடித்துவிட்டுத்தான் வந்தார். மனைவி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். மூன்றாம் முறை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, கையில் தினத்தாளோடு ஒருவர் எழுந்து வந்து, "அண்ணே, போன்ல பேசுனது நாந்தான். மொத தடவ நானும் இந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன். டீ குடிச்சிட்டு நடப்போமா?" என்றாராம்.

தூக்கிவிட ஆளில்லை என்றவருக்கு ஆள் கிடைத்தது அன்றுதான். அந்த ஆள் நாங்கள் அல்ல.

சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும். சிலவற்றுக்கு மற்றவர்களும் போகலாம். அப்படி ஒரு திறந்த கூட்டத்துக்குப் பிறகொரு நாள் அவரே எங்களை அழைத்தார். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட பதினோரு ஆண்களும் ஒரு பெண்ணும். கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு அழிபடாமல் இருந்தது. ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குகிறார்கள். மற்றவர்கள் வணக்கம் சொல்கிறார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை, உச்சுக்கொட்டுவதுகூட இல்லை. எந்த ஊர், என்ன சாதி, எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழக்கறிஞரைப் போலத் தெரிந்தவரும், மூட்டை தூக்குகிறவரைப் போலத் தெரிந்தவரும் ஒரே கெட்டிலிலிருந்து டீ வாங்கிக் குடித்தார்கள். அவர்கள் பேசியதை இங்கே சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: மறையுரை ஆற்றிப் பழகிய எங்கள் வாய்க்கு அந்த ஒன்றரை மணி நேரம் வேலையே இல்லாமல் போனது, அது நன்றாக இருந்தது.

வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருக்கிறேன் என்பதுதான் பேச்சு. நாளைக்கு வேண்டியதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பாலைநிலத்தில் மன்னாவை ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப்போனது நினைவிருக்கும்.

இங்கே சகோதரிகளிடம் இரண்டு எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். மறையுரையில் மருந்தைப் பற்றிப் பேசுவதா என்று நினைக்கவேண்டாம், உயிர்ப் பிரச்சினை. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் வராது, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்முன் தெரிந்து பிதற்றும் நிலையும் வரலாம். இதில் இறந்துபோனவர்களும் உண்டு. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். அப்படிப்பட்டவர் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும். முதலில் மருத்துவமனை, அதோடு சேர்த்துக் கூட்டம்.

இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள் என்று சிலர் விற்கும் மாத்திரையும் பொடியும். குடித்தால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து ஒன்று உண்டு. மருத்துவர் சொல்லி, உடல் பரிசோதனை செய்து, நோயாளியே சம்மதித்து எடுத்தால் அது சிலருக்கு உதவுகிறது. தெரியாமல் கொடுத்தால், அவர் குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சு அடைத்துச் சாகவும் கூடும். எங்கள் சமையல்காரரின் மனைவியும் இப்படி ஒரு பொட்டலத்தை ஒரு வாரம் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். கலக்கக் கை வரவில்லை என்றார். அந்தக் கைக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா, பட்டணத்துக் காரியமாயிற்றே என்று எங்கள் பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நடந்திருக்கிறது. டி.டி.கே. குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அழுது முடித்ததும், அமெரிக்கா சென்று இந்தச் சிகிச்சையைக் கற்று, 1980-இல் சென்னையில் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். மக்கள் டி.டி.கே. மருத்துவமனை என்பார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எங்களுக்கு முக்கியமாகப்பட்டது விருது அல்ல. சென்னைக்கு வரமுடியாத கூலிக்காரர்களுக்காக 1989-இல் அவர்கள் சிகிச்சையையே ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் போட்டார்கள். பதினைந்து நாள். மருத்துவரும் ஆலோசகரும் அங்கேயே இருந்தார்கள். மனைவிமாருக்குத் தனி வகுப்பு. உள்ளூர்க்காரர்களே ஆள் சேர்த்து, இடம் கொடுத்தார்கள். முகாம் முடிந்த பிறகும் மாதாமாதம் தொடர்ந்து பார்த்தார்கள்.

அந்தத் தொடர்ந்து பார்ப்பதை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். இன்றைய நற்செய்தியிலும், படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்த அந்த மனிதரை ஆண்டவர் அத்தோடு விட்டுவிடவில்லை. பிறகு கோயிலில் அவரைக் கண்டு மறுபடியும் பேசுகிறார். குணமான மறுநாள் ஒருவர் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்பதில் ஆண்டவருக்கு அக்கறை இருக்கிறது.

எங்கள் சமையல்காரரும் ஒரு முறை விழுந்தார். அதை மறைத்தால் இந்த மறையுரை பொய்யாகிவிடும். வைகாசி முகூர்த்தம். விருந்துச் சமையலில் ஒரு வழக்கம், பந்தி முடிந்து அண்டா கழுவும் நேரத்தில் சமையல்கட்டுக்குப் பாட்டில் வரும். கூலியின் ஒரு பகுதி மாதிரி அது. நெருப்பின் முன்னால் பதினாறு மணி நேரம் நின்ற உடம்பு. குடித்துவிட்டார். மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் அவர் போனது எங்களிடம் அல்ல, அந்த வகுப்பறைக்கு. அங்கே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். "வந்துட்டீகள்ல, அது போதும். இன்னைக்கு டீ நீங்க போடுங்கண்ணே, நாங்க போடுறது வாயில வைக்க வெளங்கல" என்றார்களாம். ஐந்நூறு இலைக்குச் சமைக்கிறவர் அன்று பன்னிரண்டு பேருக்கு டீ போட்டார். இப்போது அந்த வேலை அவருடையது.

பந்தி முடிந்ததும் அவர் இப்போது சமையல்கட்டில் நிற்பதில்லை. கூலியைக் காசாக வாங்கிக்கொண்டு, அந்தத் தினத்தாள்காரருக்குப் போன் செய்கிறார். இரவு பதினொன்று, பன்னிரண்டு எந்த நேரமானாலும் அவர் எடுக்கிறார். வீட்டுக்கு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வருகிறாராம். என்ன பேசுவீர்கள் என்று கேட்டோம். "புளிக்கொழம்புக்கு எவ்வளவு வெல்லம்னு கேப்பாரு சாமி" என்றார். குடிக்காமல் எத்தனை நாள் ஆகிறது என்பதைச் சொல்ல மட்டும் அவர் அனுமதி தரவில்லை. எண்ணிக்கையைச் சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்கிறார்.

மதுக்கடைகளை மூடவேண்டும் என்று நாம் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்ததும், 1971-இல் மதுவிலக்கு தளர்ந்ததும், 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துவதும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் கடை மூடும்வரை காத்திருக்க எங்கள் ஊர்ச் சமையல்காரரின் மகளுக்கு நேரமில்லை. அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆண்டு உயிர்ப்பு இரவில் அப்பாவைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனவள் அவள்தான்.

குருக்களும் துறவியரும் இந்த நோய்க்கு விலக்கு என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்த தந்தை ரால்ஃப் ஃபாவ் 1943-லேயே ஏ.ஏ. கூட்டத்தில் போய் உட்கார்ந்தவர். ஒரு குரு உட்கார்ந்தால் மற்றக் குருக்களுக்கும் கால் வரும் என்பதால் இதைச் சொல்கிறோம்.

உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால், 14446 என்ற எண்ணில் அரசின் இலவச உதவி மையத்தை அழைக்கலாம். மன உளைச்சலுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. எங்கள் பக்கத்தவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே என்று அங்கேயும் கேளுங்கள். ஓர் எண் எடுக்கவில்லையென்றால் அடுத்ததை முயலுங்கள், எங்களுக்கு மூன்றாவதுதான் கிடைத்தது. குடிக்கிறவர் வர மறுத்தாலும் மனைவியோ பிள்ளைகளோ போவதற்கு அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு. 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று தொடங்கியது. கணவர் திருந்தும்வரை காத்திராமல் தாங்கள் முதலில் மூச்சுவிடக் கற்றுக்கொண்ட பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

பங்குத்தந்தையரே, உங்கள் மறைக்கல்வி அறைகளில் ஒன்று வாரத்தில் ஒரு மாலை சும்மா இருக்குமானால், கூட்டம் நடத்துகிறவர்கள் கேட்டு வரும்போது கொடுத்துவிடுங்கள். சாவியை அவர்களிடமே கொடுங்கள். யார் வருகிறார்கள் என்று பார்க்க உபதேசியாரை அனுப்பவேண்டாம். எங்கள் பங்கில் ஆலயத்தின் பின்பக்கம், முன்வாசல் தெருவில் யாருக்கும் தெரியாமல் வந்துபோகத் தனி வழியுள்ள அறை ஒன்றை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். பெஞ்சு பெரியவர்களுக்கு ஏற்றதாகப் போட்டிருக்கிறோம். கெட்டில் ஒன்று வாங்கியிருக்கிறோம். இந்தத் தவக்காலத்தில் எங்களிடம் சத்தியம் செய்ய வந்த நான்கு பேரிடமும் சத்தியம் வாங்கவில்லை. ஒரு தாளில் ஒரு போன் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தோம். ஒருவர் பேசியிருக்கிறார். மற்ற மூவருக்காகவும் இன்று உங்களோடு சேர்ந்து மன்றாடுகிறோம்.